13 பக்கத் தொப்பி

வீட்டுத் தரையில் பதிக்கப்படும் டைல்ஸ் கற்கள் பெரும்பாலும் சதுரமாகவோ அறுகோணமாகவோ இருப்பதற்குக் காரணம், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் நடுவில் சந்து விடாமலும் எவ்வளவு பெரிய தரையையும் அவை நிரப்பிவிடும் என்பதே. அவ்வாறு நிரப்பிய தரையின் அமைப்பை அப்படியே ஒரு கல் அளவுக்கு நகர்த்தினால் அது தன்மீது தானே பொருந்திவிடும். இதனை மீளடுக்கு என்று அழைக்கலாம். எந்தத் திசையில் எவ்வளவு நகர்த்தினாலும் தன்னோடு பொருந்தாத அமைப்பு மீளா அடுக்கு. இரண்டு செங்கற்களைச் சேர்த்துச் சதுரமாக்கி, அந்தச் சதுரங்களை நெடுக்காகவும் குறுக்காகவும் மனம்போல வைத்துக்கொண்டே போனால் செங்கல்லிலும் மீளா அடுக்கு கிடைத்துவிடும். கணித அறிஞர்கள் அறுபது ஆண்டுகளாகத் தேடியது இத்தகைய விளையாட்டை அன்று. மீளடுக்காக வைக்கவே முடியாத, ஆயினும் முடிவற்ற தளத்தை முழுவதும் நிரப்பக்கூடிய ஒரே ஒரு வடிவத்தைத் தேடினார்கள். அது 2022ஆம் ஆண்டின் இறுதியில் கிடைத்தது. கண்டவர் கணிதப் பேராசிரியர் அல்லர்.

இந்தத் தேடல் தொடங்கிய இடம் கணினியியலோடு ஒட்டியது. கொடுக்கப்பட்ட கற்களின் தொகுதி தளத்தை நிரப்புமா நிரப்பாதா என்பதை இயந்திரத்தனமான படிமுறை ஒன்றால் எப்போதும் தீர்மானிக்க முடியுமா என்ற வினாவை 1961இல் ஹாவ் வாங் எழுப்பினார். நிரப்பும் தொகுதி எதுவாயினும் மீளடுக்காகவும் நிரப்பும் என்பது அவருடைய ஊகம். அது சரியாக இருந்தால் அத்தகைய படிமுறையும் கைகூடும். அவருடைய மாணவர் ராபர்ட் பெர்கர் 1966இல் அந்த ஊகத்தைத் தகர்த்தார். மீளா அடுக்கை மட்டுமே தரும் தொகுதி ஒன்றை அவர் கட்டிக்காட்டினார். அதில் இருந்த கல்வகைகள் 20,426. எல்லாத் தொகுதிகளுக்கும் விடை சொல்லும் படிமுறை இருக்கவே முடியாது என்பதும் அத்துடன் நிறுவப்பட்டது. அதன்பின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்தது. ராபின்சன் 1971இல் ஆறுக்குக் கொண்டுவந்தார், ரோஜர் பென்ரோஸ் 1974இல் இரண்டுக்கு. இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கத்தான் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது.

டேவிட் ஸ்மித் இங்கிலாந்தின் யார்க்‌ஷையர் கடற்கரையில் உள்ள பிரிட்லிங்டன் என்ற ஊரைச் சேர்ந்தவர். அச்சுத் தொழிலில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வடிவங்களை வெட்டி ஒட்டிப் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர். கணினித் திரையில் துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க உதவும் இலவசப் புதிர் மென்பொருள் ஒன்று அவரிடம் இருந்தது. அவர் கண்ட வடிவத்தை எவரும் காகிதத்தில் வரைந்துவிடலாம். ஒழுங்கான அறுகோணம் ஒன்றின் மையத்திலிருந்து ஆறு பக்கங்களின் நடுப்புள்ளிகளுக்கும் கோடு இழுத்தால், பட்டம் போன்ற ஆறு நாற்கரங்கள் கிடைக்கும். அடுத்தடுத்த அறுகோணங்களிலிருந்து இத்தகைய எட்டுப் பட்டங்களைக் குறிப்பிட்ட முறையில் சேர்த்து வெட்டினால் 13 பக்கங்கள் கொண்ட, சற்று நசுங்கிய தொப்பி போன்ற உருவம் வரும். தலைகீழாகப் பார்த்தவர்களுக்கு அது அரைக்கைச் சட்டையாகவும் தெரிந்தது. ஆனால் தொப்பி என்ற பெயரே நிலைத்தது.

மென்பொருளில் இந்த வடிவம் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டதைக் கவனித்த ஸ்மித், அடுத்துச் செய்த காரியம் கூர்ந்து நோக்கத்தக்கது. தடித்த அட்டையில் முப்பது தொப்பிகளை வெட்டி மேசைமேல் அடுக்கினார். அவை தீர்ந்ததும் மேலும் முப்பது வெட்டினார். கற்கள் இடைவெளியின்றிச் சேர்ந்துகொண்டே போயினவே தவிர, திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு எதுவும் தென்படவில்லை. திரையில் ஒரு சொடுக்கில் நகர்ந்துவிடும் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பி, கவிழ்த்து, பொருந்தாமல் விலக்கி, மறுபடி வைக்கும்போதுதான் அதன் பிடிவாதம் புலப்படுகிறது என்று கருத இடமுண்டு.

அவர் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகக் கணினி அறிவியலாளர் கிரெய்க் கேப்லனுக்கு 2022 நவம்பரிலேயே மின்னஞ்சல் அனுப்பினார். கேப்லனிடம் இதற்கென்றே அமைந்ததுபோல ஒரு நிரல் இருந்தது. ஒரு வடிவத்தைச் சுற்றி அதன் படிகளாலேயே எத்தனை வளையங்கள் அமைக்கலாம் என்று அது கணக்கிடும்; தளத்தை நிரப்ப இயலாத வடிவம் அதிகபட்சமாகத் தாங்கும் வளையங்களின் எண்ணிக்கையை ஹீஷ் எண் என்பர். அதுவரை அறியப்பட்ட மிகப் பெரிய ஹீஷ் எண் 6. தொப்பியோ பத்து வளையங்களையும் தாண்டிச் சென்றது. ஆகவே இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்: ஒன்று, முன்பு கண்டிராத சாதனை எண்; அல்லது, தேடப்பட்ட அந்தக் கல்லேதான். நிரலால் அதற்கு மேல் சொல்ல இயலவில்லை. ஆயிரம் வளையம் அமைத்தாலும் முடிவின்மை அப்பாலேயே இருக்கும்.

எஞ்சியது நிறுவல். மென்பொருளாளர் ஜோசப் மையர்ஸ், கணித அறிஞர் கைம் குட்மன்-ஸ்ட்ராஸ் ஆகியோர் வந்து சேர்ந்தபின் அது விரைந்து முடிந்தது. தொப்பிகள் நால்வகைக் கூட்டங்களாகத் திரள்கின்றன. அக்கூட்டங்கள் தங்களைப் போன்ற பெரிய கூட்டங்களாகவும், அவை அவற்றினும் பெரியவையாகவும் ஓயாமல் திரள்கின்றன. அமைப்பு முழுவதையும் ஏதோ ஒரு தொலைவு நகர்த்தித் தன்மீதே பொருத்த முடியும் என்று கொண்டால், அந்த நகர்வு ஒவ்வொரு படிநிலையிலும் கூட்டத்தைக் கூட்டத்தின் மீது வைக்க வேண்டும். ஆனால் ஏதோ ஒரு படிநிலையில் கூட்டங்கள் அந்தத் தொலைவைவிடப் பெரியவையாகிவிடுவதால் அது நடவாது. 2023 மார்ச் 20 அன்று நால்வர் பெயரிலும் ஆய்வேடு இணையத்தில் வெளியானது. முதல் பெயர் ஸ்மித்துடையது.

இதனை இணைய யுகத்தின் அற்புதம் என்று கொண்டாடியவர்கள் பாதியைத்தான் சொன்னார்கள். தளநிரப்பலில் தொழில்முறை சாராதவர்களின் பங்கு பழையது. சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய கணித விளையாட்டுப் பத்தியை 1975இல் படித்த மார்ஜரி ரைஸ், உயர்நிலைப் பள்ளிக் கணிதத்துக்கு மேல் பயிலாத இல்லத்தரசி. தாமே வகுத்துக்கொண்ட குறியீட்டு முறையால் தளத்தை நிரப்பும் ஐங்கோணங்களில் நான்கு புதிய வகைகளைக் கண்டார். கார்ட்னர் அவற்றைக் கணித அறிஞர் டோரிஸ் ஷாட்ஷ்னைடருக்கு அனுப்ப, அவர் சரிபார்த்தார். பின்னாளில் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்த ராபர்ட் ஆமன், பென்ரோஸின் கற்களுக்கு ஒப்பானவற்றைத் தனித்தே கண்டுபிடித்துக் கார்ட்னருக்கு எழுதினார். ஸ்மித்துக்கு வாய்த்தவையும் இவையே: விடாத கண், தவறாமல் படித்துப் பதில் எழுதும் ஒருவர். அஞ்சல் உறைக்குப் பதிலாக மின்னஞ்சல் வந்தது, மாதங்கள் நாட்களாயின. அவ்வளவுதான் இணையத்தின் பங்கு. அது சிறியது என்று பொருளல்ல. பிரிட்லிங்டனுக்கும் வாட்டர்லூவுக்கும் இடையே கார்ட்னர் போன்ற ஒருவர் தேவைப்படவில்லை என்பது பெரிய மாற்றமே. ஆயினும் படத்தைப் பகிர்ந்த இலட்சக்கணக்கானோரால் கண்டுபிடிப்பு ஒரு அடிகூட நகரவில்லை. ஒருவருக்கு அனுப்பிய ஒரு கடிதமே அதை நகர்த்தியது.

வெளியான பிறகு பகிர்வு வேறொரு பயனைத் தந்தது. பென்ரோஸ் தம் கற்களுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அவ்வடிவத்தைக் கழிவறைத் தாளில் பொறித்ததாக ஒரு பெரிய நிறுவனத்தின்மீது 1997இல் வழக்குக்கூட நடந்தது. தொப்பியின் ஆய்வேட்டையும் அதை அடுக்கிப் பார்க்கும் கருவியையும் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ள முடிந்ததால், சில நாட்களிலேயே அது ஒட்டுப்போர்வையாகத் தைக்கப்பட்டது, பிஸ்கட் மாவை வெட்டும் அச்சாகவும் ஆனது. கைவினைஞர்களுக்கு உடனே ஒரு குறையும் தட்டுப்பட்டது: தளத்தை நிரப்ப, கவிழ்க்காத ஏறத்தாழ ஏழு தொப்பிக்கு ஒன்றைக் கவிழ்த்து வைக்க வேண்டும். காகிதத்தில் இது பொருட்டல்ல. ஒரு முகத்தில் மட்டும் மெருகேற்றிய பீங்கான் கல்லைக் கவிழ்க்க முடியாது, அதற்கு இரண்டாவது வார்ப்பு வேண்டும். அப்படியானால் இது ஒரே கல்தானா என்று கேட்டவர்களும் இருந்தனர்.

அந்த முணுமுணுப்புக்கும் விடை ஸ்மித்திடமிருந்தே வந்தது. தொப்பியின் பக்க நீளங்களைக் கூட்டியும் குறைத்தும் பெறப்படும் வடிவக் குடும்பத்தில், எல்லாப் பக்கங்களும் சமமான உறுப்பினர் ஒன்றை ஆய்வேடு விதிவிலக்காக ஒதுக்கியிருந்தது. கவிழ்க்க அனுமதித்தால் அது மீளடுக்காகவும் அமர்ந்துவிடும். கவிழ்க்காமலே அடுக்கினால் என்ன ஆகும் என்று ஸ்மித் பார்க்கத் தொடங்கினார். மே மாதத்திலேயே அதே நால்வரின் இரண்டாவது ஆய்வேடு வந்தது. அந்த வடிவத்தின் நேர்ப்பக்கங்களை வளைத்துப் பெற்ற ஸ்பெக்டர் என்ற கல், கவிழ்த்தது கவிழ்க்காததோடு சேராதபடி அமைந்து, மீளா அடுக்கை மட்டுமே தருகிறது. வார்ப்பு ஒன்றே போதும். பதிக்கும் வேலைதான் எளிதாகவில்லை: அருகிலுள்ள கற்களோடு நன்றாகவே பொருந்தும் ஒரு கல், பல வரிசை தாண்டி எதுவுமே பொருந்தாத முட்டுச்சந்தில் கொண்டுபோய் விடக்கூடும் என்பதால், கொத்தனார் கண்மதிப்பில் வைத்துக்கொண்டு போக இயலாது. கணினி வரைந்த முழு வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சிமெண்ட் குழைக்க வேண்டும்.