லைட் மீட்டர் கிடைக்காத மாலை

புகைப்படத்தில் கை பெரிதா, கருவி பெரிதா என்ற வழக்கில் அடிக்கடி சாட்சிக்கு அழைக்கப்படும் படம் ஒன்று உண்டு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் 1941 நவம்பர் 1 மாலை எடுத்தது அது. மேலே இருண்ட வானம், அதில் சிறு நிலா. கீழே பனி படர்ந்த மலைத்தொடர், ஒரு தேவாலயம், கடைசி வெயில் பட்டு வெளுத்து நிற்கும் கல்லறைச் சிலுவைகள்.

அன்று பகல் முழுக்க எடுத்தது எதுவும் திருப்தி தராமல் ஆடம்ஸ் சாந்தா ஃபே நகருக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். இந்தக் காட்சி கண்ணில் பட்டதும் வண்டியை நிறுத்தி, பெரிய கேமராவை முக்காலியில் ஏற்றினார். ஒளியை அளக்கும் லைட் மீட்டரைத் தேடினால் கிடைக்கவில்லை. சூரியனோ மேக விளிம்புக்கு இறங்கிவிட்டது. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவில் இருந்தது. அதை வைத்து மனக்கணக்குப் போட்டு, லென்ஸின் துவாரத்தை எஃப்/32 அளவுக்குச் சுருக்கி, ஷட்டரை ஒரு விநாடி திறந்தார். இன்னொன்றும் எடுத்து வைக்கலாம் என்று பிலிம் ஹோல்டரைத் திருப்புவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. கிடைத்தது ஒரே நெகட்டிவ்.

கருவி வேண்டாம், கண் இருந்தால் போதும் என்பதற்கு இந்தக் கதையைச் சொல்வார்கள். பாதிதான் சரி. இல்லாதது மீட்டர் ஒன்றுதான். அவர் கேமராவில் இருந்த பிலிம் 8 அங்குலம் அகலம், 10 அங்குலம் நீளம், 35 மி.மீ. பிலிமின் ஒரு ஃபிரேமைப் போல ஏறத்தாழ 60 மடங்கு பரப்பு. தொலைவிலுள்ள சிலுவைகூடப் பிசிறில்லாமல் தெரிவதற்கு அந்தப் பரப்பு ஒரு முக்கியக் காரணம். லென்ஸின் முன்னால் மாட்டிய மஞ்சள் ஃபில்டர் நீல வானத்தை அடக்கிக் கொடுத்தது. இதெல்லாம் கருவியின் வேலை.

மீட்டர் இருந்திருந்தாலும் ஒளி எவ்வளவு என்பதைத்தான் சொல்லியிருக்கும். நிலா படத்தில் எவ்வளவு வெளுப்பாக, நிழல் எவ்வளவு கறுப்பாக விழ வேண்டும் என்பதை எடுப்பவர்தான் முடிவுசெய்ய வேண்டும். அந்த முடிவை முறைப்படுத்தத்தான் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் ‘ஸோன் சிஸ்டம்’ என்ற முறையை வகுத்தார்கள். முழுக் கறுப்பு முதல் காகிதத்தின் வெள்ளை வரை 11 படிகள். காட்சியின் எந்தப் பகுதி எந்தப் படியில் அமைய வேண்டும் என்று ஷட்டரை அழுத்தும் முன்பே தீர்மானிப்பது. ஹெர்னாண்டஸில் கைகொடுத்தது இந்தப் பழக்கம்.

பிலிம் காலத்தில் படத்தைத் திருத்த முடியாது, எடுத்தது எடுத்ததுதான் என்று பெருமூச்சு விடுவோர் இந்தப் படத்தின் பிற்கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். நெகட்டிவின் கீழ்ப்பகுதி மங்கலாக இருந்ததால் 1948இல் ஆடம்ஸ் அதை ரசாயனத்தில் நனைத்து அடர்த்தியாக்கினார். ஆரம்பப் பிரிண்டுகளில் சாம்பல் நிறமாக, மேகத்தோடு இருந்த வானம் பிற்காலப் பிரிண்டுகளில் ஏறக்குறையக் கறுப்பாகிவிட்டது. இருட்டறையில் ஒரு பகுதிக்கு ஒளியைக் கூட்டியும் இன்னொரு பகுதிக்குக் கையால் மறைத்தும் செய்த வேலை அது. இளமையில் பியானோ பயின்ற அவர், நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் பிரிண்டைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டார். இன்று கணினியில் செய்யும் திருத்தம் இந்த வேலையின் வாரிசுதான்.

அப்படியானால் பிலிம் பிரியர்கள் எதற்கு ஏங்குகிறார்கள்? ஒரு ரோலுக்கு 36 படம் என்ற கட்டாயச் சிக்கனம், கழுவி வரும்வரை காத்திருப்பு, கையில் பிடித்துப் பார்க்கும் நெகட்டிவ். ஏங்குவதற்குக் காரணமும் உண்டு. உதகமண்டலத்தில் 1960இல் தொடங்கப்பட்டு ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்-ரே பிலிமும் தயாரித்த அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் இப்போது இல்லை. கோடக் நிறுவனம் 1935 முதல் விற்ற கோடாக்ரோம் பிலிம் 2009இல் நிறுத்தப்பட்டது. கோடக்கே 2012இல் திவால் பாதுகாப்புக் கோரியது. அதே கோடக் எக்டாக்ரோம் பிலிமை 2018இல் மறுபடி கொண்டுவந்தது. 2024இல் பென்டாக்ஸ் 17 என்ற புதிய பிலிம் கேமராவும் வெளிவந்தது.

ஆனால் சிக்கனம் பிலிமுக்கு மட்டும் சொந்தமல்ல. மெமரி கார்டு நிறைய இடமிருந்தாலும் 36 படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கற்பவருக்கு டிஜிட்டல் கேமராவே நல்ல வாத்தியார். செய்த தவறு அந்த நிமிடமே திரையில் தெரிகிறது. பிலிமில் துவாரத்தையும் வேகத்தையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்து ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. மங்கிய வெளிச்சத்தில் நாட்டிய மேடையைப் படமெடுப்பவருக்கோ கருவியே பாதி வழி: ஐ.எஸ்.ஓ. 400 பிலிமைவிட, 12,800க்கு ஏற்றக்கூடிய இன்றைய கேமராவின் ஒளியுணர்வு 32 மடங்கு. அங்கே பழைய கேமராவைப் பிடிவாதமாகத் தூக்கிப்போவதில் கலை ஒன்றும் இல்லை.

பிலிம் பிரியர்கள் குருவாகக் கொண்டாடும் ஆடம்ஸே, ‘தி நெகட்டிவ்’ நூலின் 1981 பதிப்பு முன்னுரையில், அடுத்த பெரிய முன்னேற்றம் மின்னணுப் படம்தான் என்று எழுதி அதை ஆவலோடு எதிர்பார்த்தார். 1984இல் அவர் காலமானார். முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவைக் கோடக் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991இல்.