வால்மீனும் துருவ ஒளியும்

தூத்துக்குடிக் கரையில் நிற்பார்க்கு வால்மீன் எப்போதேனும் காட்சி தரும். துருவ ஒளியோ தென்படுவதில்லை. ஆயினும் வால்மீனின் நீலவாலைப் பின்னே தள்ளுவதும், துருவ வானை ஒளிரச் செய்வதும், கதிரவனினின்று இடையறாது வீசும் மின்துகட் காற்றே என்பது வியப்பன்றோ!

2004-இல் ஐரோப்பியர் விடுத்த ரோசெட்டா என்னும் ஆளில்லாக் கலம், 2014-இல் 67பி என்னும் வால்மீனை அடைந்து, ஈராண்டு உடன் சென்றது. அக்காற்றின் மின்னணுக்கள் வால்மீனைச் சூழ்ந்த நீராவியில் மோதுதலால் ஆங்கும் துருவ ஒளியை ஒத்ததோர் ஒளி எழுகின்றதென, அதன் அளவைகளை ஆராய்ந்தோர் 2020-இல் வெளியிட்டனர். புறஊதா ஒளியாதலின் அஃது ஊனக்கண்ணுக்குப் புலனாகாது. இத்தனைக்கும் அவ்வால்மீனுக்குப் புவியைப்போற் காந்தப்புலம் இல்லை. ஆதலின் துருவ ஒளி என்னும் பெயர்தான் ஆங்குப் பொருந்தவில்லை.

நம் நாட்டார் 2023 செப்டம்பர் 2-இல் ஏவிய ஆதித்யா எல்-1, புவியினின்று 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் அக்காற்றை அளந்து வருகின்றது. அத்திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி அம்மையார் செங்கோட்டையினர். நமக்கு அயலூரார் என்றே சொல்லலாம். 2024 மே மாதத்துக் கதிரவப் புயலை அக்கலம் பதிவு செய்தது. அந்நாளிரவு லடாக்கின் ஹான்லே வானமும் செவ்வொளி பெற்றது. இத்தகைய புயல்கள் செயற்கைக்கோட் குறிகளைத் தடுமாறச் செய்யவல்லன. ஆழ்கடலில் நம் மீனவர் திசையறியும் கருவியோ அக்குறிகளையே நம்பியிருக்கின்றது.