மண்ணின் நினைவும் ஆற்றின் வெள்ளமும்

ஆற்றங்கரையிலே வாழ்பவர்கள் நெடுங்காலமாக அறிந்த உண்மை ஒன்றுண்டு. நீண்ட வறட்சிக்குப் பின்னர் வரும் முதல் மழை உரத்துப் பெய்தாலும் ஆறு பெரும்பாலும் அசைவதில்லை. பல நாள் நனைந்து கிடக்கும் நிலத்தின்மீது அதே அளவு மழை பெய்யுமாயின் ஆறு கரைபுரண்டு ஓடுகின்றது. மழை ஒன்றாயிருக்க, வெள்ளம் வேறாவது ஏன்? அவ்வேறுபாட்டை எண்ணாற் கூறமுடியுமா? கூறமுடியுமாயின், வெள்ளம் எவ்வளவு உயரும், எந்நேரத்தில் வரும் என்பதை முன்கூட்டியே மக்களுக்கு அறிவிக்கலாமன்றோ? இவ்வினாக்களுக்கு விடைகாண்பதிலே வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர்களுள் அமெரிக்க நீரியலறிஞராகிய றே லின்ஸ்லி சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர்.

லின்ஸ்லி 1917 ஆம் ஆண்டிலே கொனெக்ரிக்கற் மாநிலத்தின் ஹாட்போட் நகரிற் பிறந்தவர். மாசச்சூசற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் தொழினுட்பக் கல்லூரியிற் பயின்று 1937 இற் பட்டம் பெற்றார். அவர் மாணவராயிருந்த காலத்திலே, 1936 மார்ச்சு மாதத்தில், கொனெக்ரிக்கற் ஆறு பெருக்கெடுத்து ஹாட்போட்டின் தாழ்ந்த பகுதிகளை மூழ்கடித்தது. பெய்த மழையோடு, மாரிகாலம் முழுவதும் மலைகளிற் குவிந்திருந்த பனியும் உருகி ஆற்றிற் சேர்ந்ததே அவ்வெள்ளம் அத்துணைப் பெரிதாயதற்குக் காரணமாகும். அன்று வானம் தந்த நீரை மட்டும் கணக்கிட்டவன் அவ்வெள்ளத்தின் அளவைக் கண்டிருக்கமாட்டான். முன்னரே நிலத்தின்மேல் இருந்த நீரையும் அவன் அறிந்திருத்தல் வேண்டும்.

பட்டம் பெற்ற லின்ஸ்லி தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையிற் பணியேற்றார். 1933 இல் நிறுவப்பட்ட அச்சபை தெனசி ஆற்றிலும் அதன் கிளைகளிலும் அணைகளைக் கட்டி, வெள்ளத்தைத் தடுக்கவும் மின்சாரம் பெறவும் படகுப் போக்குவரத்தை வளர்க்கவும் முற்பட்டது. இந்நோக்கங்கள் ஒன்றோடொன்று எளிதிற் பொருந்துவனவல்ல. மின்சாரத்தின் பொருட்டு நீர்த்தேக்கம் நிறைந்திருத்தல் வேண்டும். வெள்ளத்தை ஏற்கும்பொருட்டு அது வெறுமையாயிருத்தல் வேண்டும். வான்கதவுகளைக் காலந்தாழ்த்தித் திறந்தால் அணைக்கு ஆபத்து. தேவையின்றித் திறந்தால் கீழுள்ள ஊர்களுக்கு இடர், சேமித்த நீருக்கும் இழப்பு. வெள்ளக் கணிப்பென்பது ஏட்டுக் கல்வியாக நில்லாது, கதவைத் திறக்கும் கைக்கு வழிகாட்டும் கட்டளையாகிவிட்டது. கணிப்பிற் பிழையிருப்பின் அதன் விலையைக் கரையோர மக்களே கொடுக்க நேரும்.

1940 முதல் பத்தாண்டுக் காலம் லின்ஸ்லி அமெரிக்க வானிலைப் பணியகத்தில் நீரியற்றுறையிற் பணியாற்றினார். அங்கே அவருடைய கணக்குகளுக்கெல்லாம் முதற்பொருளாயமைந்தது மழைமானி. அப்பணியகத்தின் வழமையான மழைமானி மிக எளிய கருவி. அதன் வாய் 8 அங்குல விட்டமுடையது. வாயில் விழும் மழைநீர் புனலொன்றின் வழியாக உள்ளேயிருக்கும் ஒடுங்கிய குழாயைச் சேரும். அக்குழாயின் குறுக்குப் பரப்பு வாயின் பரப்பிற் பத்திலொரு பங்காகும். ஆகவே, ஓரங்குல மழை குழாயிலே பத்தங்குல உயரத்துக்கு நிற்கும். அதனால் ஓரங்குலத்தின் நூற்றிலொரு பங்கு மழையையும் அளவுகோல் கொண்டு தெளிவாக வாசிக்கலாம்.

கருவி எளிதாயினும் அதனைச் செம்மையாகப் பயன்படுத்துதல் எளிதன்று. பலத்த காற்று மானியின் வாயின்மேற் சுழன்று துளிகளை அப்பாற் கொண்டுசெல்லும். பனி பெய்யும்பொழுது இவ்விழப்பு இன்னும் மிகுதியாகும். மரத்தின் அருகே வைத்தால் இலைகள் மழையை மறைக்கும். கட்டடத்தின் அருகே வைத்தால் சுவர் மறைக்கும். நாளுக்கு ஒருமுறை வாசிக்கும் மானி அன்று பெய்த மழையின் மொத்தத்தைக் கூறுமேயன்றி, அம்மழை ஒரு மணியிற் பெய்ததா, பத்து மணியிற் பெய்ததா என்பதைக் கூறாது. வெள்ளத்துக்கோ அவ்வேறுபாடு பெரிது. ஆதலால், நேரத்தோடு மழையைத் தானே பதிவுசெய்யும் மானிகளும் வேண்டப்பட்டன.

இங்கே நேயர்கள் ஒரு சிறு கணக்கை மனத்திற் கொள்ளுதல் நன்று. ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால், அங்கே விழுந்த நீர் பத்து இலட்சம் இலீற்றர். 100 சதுர கிலோமீற்றர் பரப்பில் 100 மில்லிமீற்றர் பெய்தால் ஒரு கோடி கன மீற்றர் நீர் விழும். இத்துணை நீரையும் நாம் அறிவது எதனால்? அப்பரப்பில் ஒரேயொரு மானி இருக்குமாயின், அதன் வாயைப்போல ஏறக்குறைய 300 கோடி மடங்கு அகன்ற நிலத்துக்கு அச்சிறு வாய் சாட்சி கூறுகின்றது. அதனால் அம்மானியில் நேரும் சிறு பிழையும் நிலப்பரப்பு முழுவதற்கும் பெருகிவிடும். பல மானிகள் உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு நிலத்துக்குப் பேசுகின்றது என்பதை வகுப்பதற்கு, அதே பணியகத்தைச் சேர்ந்த அல்பிரட் தீசன் 1911 இல் ஒரு முறையை வகுத்திருந்தார். ஒவ்வோரிடமும் தனக்கு மிக அண்மையிலுள்ள மானியைச் சாரும் என்பதே அம்முறையின் அடிப்படை.

மழை தெரிந்த பின்னர் ஆற்றின் நிலையை அறிவது எவ்வாறு? 1932 இல் லெறோய் ஷேர்மன் என்னும் பொறியியலாளர் ஒரு வழி காட்டினார். நிலத்தினால் உறிஞ்சப்படாது எஞ்சி ஓடும் மழை ஓரங்குலமாயின், ஆறு எந்நேரத்தில் எழுந்து எந்நேரத்தில் வடியும் என்பதை ஒரு வளைகோடாக வரைந்துகொள்க. எஞ்சியோடும் மழை இரண்டங்குலமாயின் அவ்வளைகோட்டின் உயரம் இருமடங்காகும். இதனை அலகு நீர்வரைபு என்பர். பல நாட்டுப் பொறியியலாளர் இம்முறையை விரும்பி ஏற்றனர். ஆயினும் அதற்குள்ளே விடுவிக்கப்படாத முடிச்சு ஒன்று இருந்தது. பெய்த மழையில் எஞ்சியோடுவது எவ்வளவு? அடுத்த ஆண்டிலே, 1933 இல், றொபேட் ஹோட்டன் என்னும் அறிஞர் மண் நீரை உட்கொள்ளும் வேகத்தை ஆராய்ந்து எழுதினார். மழையின் தொடக்கத்திலே அவ்வேகம் மிகுந்திருக்கும். மண் நனைய நனைய அது குறைந்து, ஒரு நிலையில் நிற்கும். அவ்வேகத்தினும் விரைந்து பெய்யும் மழையே நிலத்தின்மேல் ஓடும் என்பது அவர் கருத்து.

ஆனால், பெருமழை தொடங்கும் வேளையிலே மண் எவ்வளவு நனைந்திருக்கின்றது என்பதை வெள்ளக் கணிப்பாளர் எவ்வாறு அறிவார்? வடிநிலம் முழுவதையும் தோண்டிப் பார்த்தல் இயலாது. லின்ஸ்லியும் அவருடைய தோழர் மக்ஸ் கோலரும் 1951 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் எளிய உபாயத்தை விளக்கியது. முந்திய நாளுக்குரிய எண்ணிற் பத்தில் ஒன்பது பங்கை எடுத்து, இடையிற் பெய்த மழையை அதனோடு கூட்டுக. நேற்று 50 மில்லிமீற்றர் மழை பெய்து இன்று மழையில்லையாயின், இன்றைய எண் 45, நாளை 40.5. பத்து நாட்கள் வறண்டிருப்பின் அது ஏறக்குறைய 17 ஆகச் சுருங்கும். அப்பங்கு இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். அண்மையில் பெய்த மழை மிகுதியாகவும் பழைய மழை குறைவாகவும் எண்ணப்படுவதால், இவ்வெண்ணை மண்ணின் நினைவு எனலாம். இதனோடு ஆண்டின் எவ்வாரம், மழை எத்தனை மணி நேரம் பெய்தது, எவ்வளவு பெய்தது என்பவற்றையும் வரைபடங்களிற் சேர்த்து, ஓடுநீரின் அளவைக் கணிப்பாளர் சில நிமிடங்களில் வாசித்துக்கொண்டனர்.

இதற்கிடையில், 1949 இலே, கோலருடனும் யோசப் போலசுடனும் சேர்ந்து லின்ஸ்லி எழுதிய பயன்படு நீரியல் நூல் வெளிவந்தது. 1950 இல் அவர் கலிபோர்ணியாவிலுள்ள ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகச் சென்றார். அவர் தாமே வளர்த்த முறையிலும் அவருக்கு முழு நிறைவு ஏற்படவில்லை. மேற்கூறிய எண் மழையை நினைவில் வைத்ததேயன்றி, மண்ணிலே நிகழ்ந்தவற்றைத் தனித்தனியே அறியவில்லை. ஒவ்வொரு பெருமழையையும் தனி நிகழ்ச்சியாகவே கணித்தது. இயற்கையிலோ மழைக்கும் மழைக்கும் இடையிலும் ஆறு ஓடிக்கொண்டிருக்கின்றது, மண் உலர்ந்துகொண்டிருக்கின்றது, நிலத்தடி நீர் கசிந்துகொண்டிருக்கின்றது. இவையனைத்தையும் மணிக்கு மணி கையாற் கணிக்க மனிதரால் முடியாது. அக்காலத்திலே பல்கலைக்கழகங்களுக்கு வந்துகொண்டிருந்த கணினி அதனை இயலச் செய்தது.

லின்ஸ்லியும் அவருடைய மாணவர் நோமன் குறோபோட்டும் இவ்வேலையின் முதற் பயன்களை 1960 இல் வெளியிட்டனர். பல படிகளில் திருந்திய அவ்வேலை 1966 இலே ஸ்ரான்போட் வடிநில மாதிரியின் நான்காம் வடிவமாக நிறைவுற்றது. அதனை ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்குக்கு ஒப்பிடலாம். வரவு மழை ஒன்றே. அதிலே முதற்பங்கை மரஞ்செடிகளின் இலைகள் பிடித்துக்கொள்ளுகின்றன. எஞ்சியது நிலத்தின் மேற்படையாகிய பெட்டியிற் சேர்கின்றது. அங்கிருந்து ஒரு பங்கு கீழ்ப்படைக்கும், வேறொரு பங்கு நிலத்தடி நீருக்கும் இறங்குகின்றது. வெயிலும் பயிர்களும் இப்பெட்டிகளிலிருந்து நீரை எடுத்துச்செல்லுகின்றன. கொள்ளாது மிஞ்சிய நீர் நிலத்தின்மேல் ஓடியும் மண்ணின் இடையே நகர்ந்தும் ஆற்றை அடைகின்றது. ஒவ்வொரு மணிக்கும் இக்கணக்கு முடிக்கப்பட்டு, மீதி அடுத்த மணிக்கு முன்கொணரப்படுகின்றது. ஆகவே, பெருமழை தொடங்கும் நாளில் மண்ணின் நிலை யாது என்று எவரும் ஊகிக்க வேண்டியதில்லை. அது கணக்கேட்டிலே மீதியாக நிற்கின்றது.

கணக்கு உண்மையோடு பொருந்துகின்றதா என்று சோதிக்கும் முறை அறியத்தக்கது. மண்ணின் இயல்பைக் குறிக்கும் சில எண்களை நேரே அளக்க முடியாது. ஆதலால், சில ஆண்டுகளின் மழையைக் கணினிக்கு ஊட்டி, அது கூறும் ஆற்றோட்டம் அளந்த ஓட்டத்தோடு ஒக்கும்வரை அவ்வெண்களைத் திருத்துவர். பின்னர், திருத்துவதற்குப் பயன்படாத வேறு ஆண்டுகளின் மழையைக் கொடுத்துப் பார்ப்பர். அங்கும் விடை பொருந்தினாலன்றி மாதிரியை நம்புதல் தகாது. விடையை முன்னரே பார்த்துக்கொண்டு கணக்கைச் செய்த மாணவனை வேறொரு கணக்கினாற் சோதிப்பது போன்றது இது.

இதனால் விளைந்த பயன்கள் பல. பல ஆறுகளில் நீரோட்டத்தை அளந்த ஆண்டுகள் சிலவாகவும், அதே நிலத்தில் மழையை அளந்த ஆண்டுகள் பலவாகவும் இருக்கும். அப்பழைய மழைப் பதிவை மாதிரிக்குக் கொடுத்தால், எவரும் அளவாத ஆண்டுகளின் வெள்ளங்களையும் ஓரளவு அறியலாம். பாலமும் அணையும் எவ்வளவு வெள்ளத்தைத் தாங்கவேண்டும் என்று முடிவுசெய்வோருக்கு அது பேருதவியாகும். காடாயிருந்த நிலம் வீதிகளும் கூரைகளும் நிறைந்த நகரமானால் வெள்ளம் எவ்வாறு மாறும் என்பதையும், நகரைக் கட்டுமுன்னரே கணக்கிற் பார்க்கலாம்.

எனினும், மாதிரியின் எல்லையையும் மறத்தலாகாது. மழைப் பதிவு பிழையாயின் ஆற்றோட்டமும் பிழையாகவே வரும். அதனினும் நுட்பமான ஆபத்து, மழையிலுள்ள ஒரு பிழையை மண்ணுக்குரிய எண்ணிற் செய்த வேறொரு பிழை மறைத்து, விடையை மட்டும் சரிபோலக் காட்டுதலாகும். எண்களின் வெவ்வேறு தொகுதிகள் ஏறத்தாழ ஒரே ஆற்றோட்டத்தைத் தருதலும் உண்டு. இங்கிலாந்து அறிஞர் கீத் பெவன் 1990 களில் இதனை வற்புறுத்தி, ஒரே விடைக்குப் பதிலாக விடையின் ஐயத்தையும் சேர்த்துக் கூறும் முறையை வளர்த்தார். வெள்ளம் இந்த அடிக்கு உயரும் என்பதோடு, எவ்வளவு கூடலாம் அல்லது குறையலாம் என்பதையும் கூறினாலே ஊரை வெளியேற்றுவோர் தக்கவாறு முடிவுசெய்வர்.

லின்ஸ்லி 1967 இல் இம்முறையைப் பொறியியற் பணிகளிற் பயன்படுத்துவதற்கு ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1968 இல் அமைந்த அமெரிக்கத் தேசிய நீர் ஆணைக்குழுவிலும் உறுப்பினராயிருந்தார். 1990 இல் அவர் மறைந்தார். அவருடைய மாதிரியின் வழிவந்த கணக்குமுறைகள், ஆற்றுநீர் மாசடைதலை ஆராய்வதற்கு இன்றும் பயன்படுகின்றன. அமெரிக்க வானிலைச் சேவை வெள்ள முன்னறிவித்தலுக்குக் கையாண்டுவரும் சாக்கிரமென்ரோ மாதிரியும் 1973 இல் மண்ணின் ஈரத்தைக் கணக்குவைக்கும் இதே கொள்கையில் அமைக்கப்பட்டதாகும்.

இப்பொழுது ராடர் கருவிகள் மழை மேகங்களை ஊடுருவிப் பார்க்கின்றன. 2014 இல் ஏவப்பட்ட உலக மழையளவைச் செய்மதி கடலின்மேற் பெய்யும் மழையையும் காண்கின்றது. ஆயினும் அவை நேரே அளப்பது துளிகளிலிருந்து மீளும் அலைகளையும் மேகங்கள் வெளிவிடும் கதிர்களையுமேயாகும். அவற்றை மழையின் அளவாக மாற்றுவதற்கும், மாற்றிய அளவு சரிதானா என்று சோதிப்பதற்கும் நிலத்திலுள்ள மழைமானி இன்னும் வேண்டும். எங்கோ ஓரூரிலே காலைதோறும் மானியைத் திறந்து, குழாயின் நீரை அளந்து, மழையில்லாத நாளிலும் தவறாது சுழியமென்று எழுதிவைப்பவர் ஒருவர் இருக்கின்றார். மண் உலர்ந்த நாட்களை அந்தச் சுழியங்களே கணக்குக்குச் சொல்லுகின்றன. வெள்ளம் வரும் இரவிலே கரையோரத்து மக்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை, அவர் எழுதிய அவ்வெண்களிலிருந்தே தொடங்குகின்றது.