கிட்னி தரச் சம்மதமா? தனியாகக் கேளுங்கள்!

"வீட்டுக்காரருக்குக் கிட்னி கொடுக்கணுமாம். எல்லாரும் என் முகத்தையே பாக்குறாங்க. பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது வைத்தியரே?"

கத்தி பிடிக்கிற வைத்தியம் என்னுடையதல்ல. ஆனாலும் நாடி பிடித்தால் மனசில் இருப்பதையும் சிலர் கொட்டிவிடுவார்கள்.

1994-ஆம் வருட மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுப்பை விற்பது, வாங்குவது இரண்டுமே குற்றம். சென்னையில் கிட்னி விற்ற 305 பேரிடம் 2001-ல் விசாரித்தார்கள். 96 சதவீதம் பேர் கடனை அடைக்கத்தான் விற்றிருந்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அப்போதும் கடன் தீரவில்லை!

கடன்காரன் நெருக்கினால் அது கட்டாயம் என்று நமக்குப் புரிகிறது. மாமியார் அழுதால்? 'தாலி கட்டினவனுக்குச் செய்யமாட்டியா' என்று கேட்டால்? பணம் கைமாறவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால்தான் கொடுப்பவரிடம் டாக்டர் தனியாகப் பேச வேண்டும். கணவருக்கு வைத்தியம் பார்ப்பவராக இல்லாமல் வேறு டாக்டராக இருந்தால் இன்னும் நல்லது. ஆபரேஷனில் உள்ள ஆபத்து, பிறகு ஆயுசுக்கும் பிரஷர், சிறுநீர்ப் பரிசோதனை தேவைப்படுவது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் ஆபரேஷனுக்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் 'வேண்டாம்' எனலாம். வீட்டாரிடம் டாக்டர், "இவங்க பொருத்தமில்லை" என்று மட்டும் சொன்னால் போதும். அது பொய்யா என்று கேட்காதீர்கள். மனசு ஒப்பாதவர் பொருத்தமில்லாதவர்தானே!

கணவருக்கு டயாலிசிஸ் இருக்கிறது. மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னிக்குப் பதிவு செய்தும் காத்திருக்கலாம். ஒன்று மட்டும்: மூலிகையில் சரியாகிவிடும் என்று டயாலிசிஸை நிறுத்திவிட்டு என்னிடம் வராதீர்கள்.