சின்னக் கைக்கு ஓர் உளி

அரியலூரைச் சுற்றிச் சிமென்ட் ஆலைகள். சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் மூட்டையும் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. பாரம் தாங்கித் தாங்கி என்றாவது ஒருநாள் லாரியின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டை ஒடியும். மெக்கானிக் புதுப் பட்டையை மாட்டிவிட்டுப் பழையதை மூலையில் போடுவார். அங்கிருந்து அது பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேரும். அந்தப் பட்டையில் ஒரு விரல் அகலமும் ஒரு சாண் நீளமும் வெட்டி எடுத்தால் போதும். ஆண்டிமடம் பக்கம் வரதராஜன்பேட்டையில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு, அவர் பெரியவரான பிறகும் உழைக்கக்கூடிய மரச்சிற்ப உளி ஒன்றை அதிலிருந்து அடித்து எடுத்துவிடலாம்.

மரம் செதுக்கும் கலை இந்த வட்டாரத்துக்கு அந்நியமானதல்ல. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரில், பச்சைமலை அடிவாரத்தில், தலைமுறைகளாகச் சாமி சிலைகளும் தேர்ச் சிற்பங்களும் செய்கிறார்கள். மா, வேம்பு, தோதகத்தி போன்ற மரங்களில், ஒரே கட்டையிலிருந்து முழு உருவத்தையும் குடைந்தெடுப்பது அவர்களின் தனிச்சிறப்பு. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும், விற்பனைக்கும் உதவும். ஆனால் செதுக்கும் கைகள் சிறு வயதில்தான் உருவாகின்றன. அந்த வயதில் பிள்ளைகள் கையில் நாம் கொடுப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் பிடி போட்ட மெல்லிய தகரம். அது மரத்தை வெட்டாது. வெட்டாத கருவியைப் பிள்ளை பலம் கொண்ட மட்டும் அழுத்தும், அழுத்தும்போது வழுக்கும், வழுக்கும்போதுதான் கை கிழியும். கூரான உளியைவிட மழுங்கிய உளிதான் பிள்ளைக்கு ஆபத்து.

கத்தியைவிட உளி நல்லது என்பதற்கும் காரணம் இருக்கிறது. கத்தியால் செதுக்கும்போது ஒரு கை கட்டையைப் பிடித்திருக்கும், பெரும்பாலும் வெட்டு வரும் பாதையிலேயே. உளியில் அப்படியில்லை. கட்டையை மேசையில் இறுக்கிவிட்டால், ஒரு கை உளியைப் பிடிக்கும், மறு கை கொட்டாப்புளியால் தட்டும். இரண்டு கைகளுமே கூர்முனைக்குப் பின்னால் இருக்கும். தட்டையான உளியை விட முனை லேசாக வளைந்த உளி முதல் கருவிக்குப் பொருத்தம். தட்டை உளியின் இரண்டு மூலைகளும் மரத்தில் குத்தி மாட்டிக்கொள்ளும். வளைந்த உளியில் மூலைகள் மரத்துக்கு மேலேயே நிற்கும், சீவல் சுருண்டு சுத்தமாக வெளியே வரும்.

இரும்பைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை இருக்கிறது. வீடு கட்டும் கம்பியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ கால் கிராம் கார்பன்தான் இருக்கும். அதை எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் உளிக்கு வேண்டிய கடினம் வராது. லாரிப் பட்டையில் அது அரை கிராமைத் தாண்டும். பழைய அரத்தில் ஒரு கிராமுக்கும் மேல். நல்ல கூர் பிடிக்கும், ஆனால் கை தவறினால் விரிசல் விடும். எனவே முதல் முயற்சிக்குப் பட்டைதான் சரி. சந்தேகம் இருந்தால் அரைக்கும் சக்கரத்தில் லேசாக வைத்துப் பார்க்கலாம். கார்பன் குறைந்த இரும்பில் பொறி நீளக் கோடாகப் போகும். கார்பன் கூடக் கூடப் பொறி கிளை கிளையாக வெடிக்கும். ஒடிந்த இடத்துக்கு அருகிலும் நடுத் துளையைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கக்கூடும். அந்தப் பகுதிகளைத் தவிர்த்துவிட வேண்டும். பட்டையை அப்படியே அறுக்கவும் முடியாது. சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து இரவு முழுக்க ஆறவிட்டால் இளகிவிடும், அறுவைவாளுக்கு இடம் கொடுக்கும்.

உலையில் கரி போட்டு, துருத்தி மிதித்தோ காற்றாடி சுற்றியோ ஊதி, இரும்பு ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் எடுத்துப் பட்டடைக் கல்லில் அடிக்க வேண்டும். நிறம்தான் கொல்லருக்கு வெப்பமானி. ஆரஞ்சில் இரும்பு சம்மட்டிக்கு வளைந்து கொடுக்கும். மங்கிய சிவப்பு வந்த பிறகும் அடித்தால் உள்ளுக்குள் வெடிப்பு விழும். வெண்மை காணும் வரை காய்ச்சினால் கார்பனே எரிந்து போகும், பொறி பறக்கும், அந்த முனையை வெட்டி எறிய வேண்டியதுதான். ஒரு பக்கம் பிடிக்குள் இறங்கும் காம்பு. மறு பக்கம் முனை: தட்டித் தட்டி மெல்லிசாக்கி, பள்ளம் வெட்டிய இரும்புக் கட்டையில் வைத்து வளைவு கொடுக்கிறார்கள். அடித்து முடித்ததும் ஒருமுறை சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுவது நல்லது. அடிபட்ட இறுக்கம் தளர்ந்து, உள்ளே படிகங்கள் சீராகும்.

இதற்குப் பிறகுதான் தோய்ச்சல், அதாவது காய்ச்சிய இரும்பை முக்கிச் சட்டென்று குளிரவைப்பது. உளியின் உயிர் இந்தச் சில விநாடிகளில் இருக்கிறது.

சாதாரண வெப்பத்தில் இரும்பணுக்களின் அடுக்குக்குள் கார்பனுக்கு இடம் மிகக் குறைவு. ஏறத்தாழ 730 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்த அடுக்கு வேறு வடிவத்துக்கு மாறத் தொடங்கும். கார்பன் தாராளமாக உள்ளே கரையும். மெல்ல ஆறவிட்டால் கார்பன் வெளியே ஒதுங்கிவிடும், இரும்பு இளக்கமாகவே இருக்கும். சட்டென்று குளிரவைத்தால் ஒதுங்க நேரமில்லை. நிறுத்தத்தில் இறங்க வேண்டியவர்கள் இறங்குவதற்குள் கதவைச் சாத்திவிட்ட பேருந்து மாதிரி, கார்பன் உள்ளேயே நெருக்கிக்கொண்டு மாட்டிக்கொள்ளும். அடுக்கு முறுக்கேறி நிற்கும். அரம் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும் கடினம் இந்த நெருக்கடியிலிருந்து வருவது. இந்த நிலைக்கு மார்ட்டன்சைட் என்று பெயர்.

எப்போது முக்குவது என்பதற்குக் காந்தம் ஒன்று கைவசம் இருந்தால் போதும். இரும்பு 770 டிகிரியில் காந்தத்துக்கு ஒட்டுவதை நிறுத்திவிடும். லாரிப் பட்டைக்கு அதற்கும் கொஞ்சம் மேலே போக வேண்டும். செம்மை இன்னும் சற்றுத் தெளிந்ததும் எடுக்கலாம். இந்த எஃகுக்குத் தண்ணீர் வேண்டாம், சற்றே சூடாக்கிய எண்ணெய் போதும். தண்ணீரின் வேகத்தில் மெல்லிய முனை பிளந்துவிடலாம். முழு உளியையும் முக்காமல் முனையை மட்டும் முக்கி எடுப்பதில்தான் பழைய பட்டறைகளின் அறிவு தெரிகிறது. முனை கடினமாகிவிடும், உடம்பில் இன்னும் சூடு மிச்சம் இருக்கும். உடனே முனையைக் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினால், உடம்பின் சூடு முனையை நோக்கி நடந்து வருவதை நிறங்களாகவே பார்க்கலாம். இரும்பின் மேல் படியும் ஆக்சைடு படலம் தடித்துக்கொண்டே போக, அதில் பட்டுத் திரும்பும் ஒளியின் நிறமும் மாறுகிறது. 220 டிகிரி வாக்கில் வெளிர் வைக்கோல் நிறம், 250 தாண்டினால் பழுப்பு, பிறகு ஊதா, 300ஐ நெருங்கும்போது நீலம்.

இந்த மறுசூடு இல்லாவிட்டால் உளி கண்ணாடித் துண்டுதான். முதல் தட்டிலேயே முனை தெறிக்கும். சூடு மிகுந்தால் முனை மடங்கும். மரச்சிற்ப உளியின் முனையில் வைக்கோல் நிறம் வந்ததும் முழுவதையும் குளிரவைத்து நிறுத்திவிட வேண்டும். பின்பக்கம் நீலம் வரை போயிருக்கும். அதனால் அது சற்று இளகி, அடியைத் தாங்கும். ஒரே இரும்புத் துண்டில் வெட்டும் முனையும் அடி தாங்கும் உடம்பும் தனித்தனிக் குணத்தோடு அமைந்துவிடுகின்றன. நவீன ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல் கண்ணை மட்டும் நம்பி இதைச் செய்த ஆசாரிகள் மேல் எனக்குள்ள மரியாதைக்கு இது ஒன்றே போதும்.

பிள்ளைக்கான உளி பெரியவர் உளியைச் சுருக்கிய வடிவம் அல்ல. முனை அதே கடினத்தோடும் கூரோடும் இருக்க வேண்டும். எடையும் நீளமும் பிடியும்தான் மாற வேண்டும். பிடியோடு சேர்த்து ஒன்றரைச் சாணுக்குள் இருந்தால் சின்னக் கைக்கு அடங்கும். பிடியின் மேல்முனைக்கு ஒரு பூண் போட்டால் கொட்டாப்புளி அடியில் மரம் பிளக்காது. பக்க விளிம்புகளை அரத்தால் உருட்டிவிட வேண்டும். கூர் இருக்க வேண்டியது ஓர் இடத்தில் மட்டுமே. முனையை 25 டிகிரி சாய்வில் தீட்டினால் கூரும் நிற்கும், சீக்கிரம் உடையவும் செய்யாது. பிடியை மட்டும் பிள்ளையின் கையை அளந்து பார்த்துச் செய்யுங்கள். வளர்ந்த பிறகு பிடியை மாற்றிக்கொள்ளலாம், இரும்பு அப்படியே இருக்கும்.

சுவீடனில் ஓட்டோ சாலமன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நேஸ் என்ற இடத்தில் ஆசிரியர்களுக்கு மரவேலை கற்பித்தார். பிள்ளைகள் கையில் உண்மையான கருவிகளைக் கொடுத்து, கைவேலை வழியாகவே மனத்தையும் வளர்ப்பது அவர் முறை. உலகின் பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் அங்கே போய்க் கற்றார்கள். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலைப் படிப்பின் நடுவில் வைத்தது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, புறநானூற்றில் பொன்முடியார் ஒரு மகனை ஆளாக்கும் பொறுப்பைப் பங்கிட்டபோது, தாய் தந்தை அரசனோடு கொல்லனுக்கும் ஒரு பங்கு கொடுத்தார். அன்று கொல்லர் செய்ய வேண்டியிருந்தது வேல். இன்று அந்தப் பங்கு உளியாக இருக்கலாம்.

உலைக்கு அருகில் பிள்ளை நிற்கலாம், காற்றாடியும் சுற்றலாம். கண்ணாடி போட்டிருக்க வேண்டும், பருத்தித் துணி உடுத்தியிருக்க வேண்டும். எண்ணெய் தீப்பிடிக்கும் என்பதால் தோய்ச்சல் நேரத்தில் தள்ளி நிற்பது கட்டாயம். துத்தநாகம் பூசிய இரும்பை உலையில் வைக்கவே கூடாது, அதன் புகை நஞ்சு.

முதல் கட்டைக்குக் கல்யாண முருங்கை போன்ற இளமரம் நல்லது. ஈரம் காயாத கட்டை என்றால் உளி இன்னும் சுலபமாக இறங்கும். வரதராஜன்பேட்டை அலங்கார அன்னை என்ற மாதாவின் ஊர். கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்கு வீடு குடில் வைப்பார்கள். அதில் நிற்கும் ஆடுகளில் ஒன்று கடையில் வாங்கியதாக இல்லாமல் பிள்ளை செதுக்கியதாக இருக்கட்டும்.

பிறந்தநாளோ முதல் நன்மையோ வருகிறது என்றால் ஒரு மாதம் முன்பே உங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறைக்குப் போங்கள். அரிவாளும் களைக்கொட்டும் அடித்துத் தரும் அதே ஆசாரியிடம் பட்டைத் துண்டைக் கொடுத்து, பிள்ளையையும் கூடவே நிறுத்தி, முனை வைக்கோல் நிறத்தில் நிற்கும்படி அடித்துத் தரக் கேளுங்கள். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.