நாலு பேர் வரும் தெரு

மாலை ஆறு மணி. வலியசாலையில் எங்கள் தொடர்கல்வி மையத்தில் எல்லாரும் வந்துவிட்டார்கள். பூ விற்கும் அக்கா மட்டும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்தார். கையில் ஒரு பழைய செய்தித்தாள். பூ பொதிந்து வந்த தாள் அது.

"மக்ளே, இதைப் பாரு. நானே எழுத்துக் கூட்டிப் படிச்சேன்" என்றார்.

எங்கோ ஓர் ஊரில் கடைத்தெருவை அழகுபடுத்தப் போகிறார்கள் என்று அதில் போட்டிருந்தது.

"நம்ம சாலைக் கடைத்தெருவையும் அழகாக்கப் போறோம்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. அழகாக்கட்டும், நல்லதுதான். ஆனா என் பூக்கூடைக்கு எடம் இருக்குமா?"

நல்ல கேள்வி. அன்று பாடப் புத்தகத்தை மூடி வைத்தோம். இந்தக் கேள்வியையே பாடமாக எடுத்துக்கொண்டோம். அன்று பேசியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் தெருவின் கதை

திருவனந்தபுரத்தில் கிழக்கேக்கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை போகிறது சாலைக் கடைத்தெரு. இதை உருவாக்கியவர் ராஜா கேசவதாஸ். திருவிதாங்கூர் மன்னர் கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவிடம் திவானாக இருந்தவர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவர். 1799இல் இறந்தார். அப்படியானால் இந்தக் கடைத்தெருவின் வயது 200 ஆண்டுகளுக்கும் மேல்.

தெற்கேயிருந்து நெல்லும் காய்கறியும் வர வழி வேண்டும். அதற்காகக் கரமனை ஆற்றிலும் கிள்ளி ஆற்றிலும் பாலம் கட்டினார்கள். வண்டிகள் வந்தன. கூடவே தமிழ் வியாபாரிகளும் வந்தார்கள். அரிசி, மிளகு, பாத்திரம், துணி, பூ என்று வரிசை வரிசையாகக் கடைகள் எழுந்தன. இன்றும் தோவாளைப் பூ இங்கே வந்து இறங்குகிறது. தமிழும் மலையாளமும் கலந்த பேரம் இன்றும் காதில் விழுகிறது.

கடைத்தெருவுக்குப் பக்கத்தில்தான் நம் வலியசாலை. இங்கே காந்தளூர் மகாதேவர் கோயில் இருக்கிறது. அக்கிரகாரத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகள் இருக்கின்றன. சோழ மன்னன் ராஜராஜனின் கல்வெட்டுகளில் 'காந்தளூர்ச் சாலை' என்ற பெயர் வருகிறது. அது இந்த இடம்தான் என்பது பல அறிஞர்களின் கருத்து. அந்தச் சாலை ஒரு கல்விச்சாலை என்றும் சொல்கிறார்கள். நாம் உட்கார்ந்து படிக்கும் இடத்துக்கு எவ்வளவு பொருத்தம், பாருங்கள்!

நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி தேவி ஊர்வலமாக இங்கே வருகிறாள். குமாரகோயில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூட வருகிறார்கள். முருகன் தங்குவது நமக்கு அருகில் உள்ள ஆரியசாலைக் கோயிலில். ஆற்றுகால் பொங்கலன்று தெருவெல்லாம் அடுப்பு. அந்த நாட்களில் யாரும் விளம்பரம் செய்து ஆள் கூட்டுவதில்லை. சனம் தானாக வருகிறது.

அப்படியானால் மற்ற நாட்களில் வெளியூர்க்காரர் ஏன் இங்கே நின்று பார்ப்பதில்லை?

நிற்க இடம் வேண்டும்

இந்தக் கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். "நடக்க முடியலை. முன்னால ஆட்டோ, பின்னால லாரி" என்றார் ஒருவர். "பொம்பளைங்களுக்குக் கழிப்பறை இல்லாம அவதி" என்றார் இன்னொருவர். "வெயிலுக்கு ஒதுங்க நிழல் இல்லை" என்றார் ஒரு பெரியவர்.

மூன்றும் சரியான பதில்கள். வண்டியில் போகிறவர் கடையைப் பார்ப்பதில்லை. முன்னால் போகும் வண்டியைத்தான் பார்க்கிறார். நடந்து போகிறவர் ஒவ்வொரு கடையாகப் பார்க்கிறார். விலை கேட்கிறார். கால் வலித்தால் உட்காருகிறார். ஒரு டீ குடிக்கிறார். உட்கார்ந்தவர் இன்னும் நாலு கடையைப் பார்க்கிறார். ஆகவே தெரு கலகலப்பாக இருக்க வேண்டுமானால் முதலில் மனிதன் நடக்க வேண்டும். வண்ண விளக்கும் அலங்கார வளைவும் அதற்குப் பிறகுதான்.

டென்மார்க் நாட்டின் தலைநகரம் கோபன்ஹேகன். அங்கே 'ஸ்ட்ரோகெட்' என்ற கடைத்தெருவில் 1962இல் வண்டிகளை நிறுத்தினார்கள். வியாபாரிகள் பயந்தார்கள். "கார் வராவிட்டால் யார் வாங்க வருவார்?" என்று கேட்டார்கள். ஆனால் கூட்டம் குறையவில்லை, கூடியது. இன்றும் அந்தத் தெருவில் மக்கள் நடந்துதான் போகிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் கேரளத்திலேயே கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு இருக்கிறது. அல்வாவுக்குப் பேர் போன தெரு. அந்தத் தெருவின் கதையைத்தான் எஸ்.கே. பொற்றெக்காட் நாவலாக எழுதினார். நெருக்கமான கடைகள் உள்ள தெரு அது. 2007இலும் 2017இலும் அங்கே தீ விபத்து நடந்தது. 2017 டிசம்பரில் தெருவைப் புதுப்பித்துத் திறந்தார்கள். தரைக்குக் கல் பாவினார்கள். பகலில் வண்டிகள் வரத் தடை போட்டார்கள். வியாபாரிகளில் சிலர் அதை எதிர்த்தார்கள். ஆனால் குடும்பம் குடும்பமாக மக்கள் அங்கே நடந்து போவதை இப்போது பார்க்கலாம்.

சாலைக் கடைத்தெரு மொத்த வியாபாரமும் நடக்கும் இடம். லாரி வந்துதான் ஆக வேண்டும். சுமட்டுத் தொழிலாளிக்கு அதுதான் பிழைப்பு. ஆகவே லாரிக்கு ஒரு நேரம், நடப்பவருக்கு ஒரு நேரம் என்று பிரிக்கலாம். இரவிலும் விடிகாலையிலும் சரக்கு இறங்கட்டும். மாலையில் மக்கள் நடக்கட்டும். தீயணைப்பு வண்டிக்கு மட்டும் எந்த நேரமும் வழி இருக்க வேண்டும்.

குடியிருப்பவர் உறக்கம்

இன்னொரு பாடம் நம் நகரத்திலேயே இருக்கிறது. மியூசியம் காவல் நிலையத்துக்குப் பக்கத்தில் மானவீயம் வீதி என்று ஒரு சிறிய தெரு. 2001இல் அது கலைத் தெருவாக மாறியது. பாட்டு, நாடகம், ஓவியம் எல்லாம் அங்கே நடந்தன. 2023இல் இரவிலும் மக்கள் கூடும் தெருவாக அதைத் திறந்தார்கள். இளைஞர் கூட்டம் நிரம்பியது. ஆனால் பக்கத்தில் குடியிருந்தவர்கள் இரவுச் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொன்னார்கள். பிறகு காவல்துறை கட்டுப்பாடு வைத்தது.

வலியசாலையில் வீட்டுக்கு வீடு முதியவர்கள் இருக்கிறார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளியூர்க்காரர் வந்து திண்ணையையும் கோலத்தையும் கோயிலையும் பார்க்கட்டும். தெருமுனையில் இந்த இடத்தின் கதையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைக்கலாம். ஆனால் இரவு ஒரு மணிக்கு மைக் வேண்டாம்.

அக்காவின் கூடை

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம்.

தெருவை அழகாக்கும்போது முதலில் ஆட்டம் காண்பது கூடைக்காரரின் பிழைப்புதான். கடைக்காரருக்குக் கதவு உண்டு, பூட்டு உண்டு. கூடைக்காரருக்கு அது இல்லை. "இங்கே உட்காராதே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைய வரும்படி போய்விடும். ஆனால் கடைத்தெருவுக்கு மணம் தருவதே பூக்கூடையும் பழத் தட்டும் கடலை வண்டியும்தான். அவர்கள் போய்விட்டால் கல் பாவிய தெரு மட்டும் மிஞ்சும்.

இதற்காக ஒரு சட்டம் இருக்கிறது. 2014இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெரு வியாபாரிகள் சட்டம். அதில் நாம் அறிய வேண்டியவை இவை:

1. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது தெரு வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது.

2. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும்.

3. ஊருக்கு ஊர் நகர விற்பனைக் குழு வேண்டும். அதில் நூற்றுக்கு 40 பேராவது தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களைத் தெரு வியாபாரிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படி வருகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

4. தெரு வியாபாரிகள் 50 ஆண்டுக்கு மேல் வியாபாரம் செய்துவரும் இயற்கைச் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும். அங்குள்ள தெரு வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது.

நாலாவதைப் படித்ததும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க அம்மாவும் இங்கதான் பூ வித்தா" என்றார்.

சாலைக் கடைத்தெருவைப் பாரம்பரியத் தெருவாக அழகுபடுத்தும் வேலையைக் கேரளச் சுற்றுலாத் துறை சில ஆண்டுகளுக்கு முன்பே கையில் எடுத்தது. பாரம்பரியம் என்றால் பழைய கட்டிடம் மட்டுமா? தலைமுறை தலைமுறையாக அங்கே உட்கார்ந்து பூ தொடுக்கும் கையும் பாரம்பரியம்தான்.

ஆனால் சட்டம் தாளில் இருந்தால் போதாது. கணக்கெடுப்புக்கு வரும்போது பெயர் சொல்ல வேண்டும். படிவத்தில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சான்றிதழைப் பத்திரமாக வைக்க வேண்டும். வார்டுக் கூட்டத்துக்குப் போக வேண்டும். இதற்கெல்லாம்தான் எழுத்து வேண்டும்.

அன்று இரவு நாங்கள் ஒரு மனு எழுதினோம். மாநகராட்சிக்கு. நாலே கோரிக்கை. நடக்க நடைபாதை. பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை. நிழலும் குடிதண்ணீரும். பூக்காரர்களுக்கும் பழக்காரர்களுக்கும் இருக்கும் இடத்திலேயே அளந்து கோடு போட்டு இடம்.

அடியில் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து அக்காவுடையது. கொஞ்சம் கோணலாக இருந்தது. ஆனால் முழுப் பெயரும் இருந்தது.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊர்க் கடைத்தெரு எப்போது உருவானது? பெரியவர்களிடம் கேளுங்கள்.

2. அங்கே ஒரு முதியவர் சிரமம் இல்லாமல் நடக்க முடியுமா? எங்கே தடை இருக்கிறது?

3. உங்கள் தெருவில் கூடை வைத்து விற்பவர்களிடம் சான்றிதழ் இருக்கிறதா?

4. உங்கள் தெருவுக்கு என்ன வேண்டும்? நாலு வரியில் ஒரு மனு எழுதுங்கள். எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.