உயிர்த்தெழுதல் என்பது யாது?

திருவண்ணாமலையில் வாழ்வோர்க்கு முழுநிலா நாள் இன்னதென்று எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதை முழுவதும் அன்று மக்கள் வெள்ளமாகவே இருக்கும். ஆண்டுக்கொரு முறை, அந்நிலவு தேயத் தொடங்கியதும் வரும் ஞாயிறன்று, இவ்வூரில் வேறொரு சிறு கூட்டத்தாரும் பொழுது புலருமுன் எழுகின்றனர். அவர்கள் கிறிஸ்தவர்கள். மார்ச் 21ஆம் நாளிலோ அதன் பின்னரோ வரும் முதல் முழுநிலாவை அடுத்த ஞாயிறே உயிர்த்தெழுந்த திருநாள் என்பது பண்டைத் திருச்சபை வகுத்த கணக்கு. யூதரின் பஸ்கா விழா முழுநிலாவை ஒட்டி வருவது; இயேசு பெருமான் சிலுவையில் அறையப்பட்டதும் அவ்விழாக் காலத்திலேயாம். நிலவைப் பார்த்து நாள் குறிப்பதில் நம்மூரார் இருசாராரும் ஒன்றுபடுகின்றனர் என்று நான் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அத்திருநாள் வைகறையில் மெழுகுவத்தி ஏந்திக் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்வது சபைகள் பலவற்றில் வழக்கம். ஓராண்டு அங்கே என் மாணவன் ஒருவனைக் கண்டேன். பன்னிரண்டு வயதிருக்கும். அவனுடைய தமையன் ஏரியில் மூழ்கி இறந்து மூன்று திங்கள் ஆகியிருந்தன. மண்மேட்டைப் பார்த்தபடியே அவன் கேட்டான்: "ஐயா, இயேசு மூன்றாம் நாள் எழுந்தார் என்கிறீர்கள். அண்ணன் போய் மூன்று மாதம் ஆகிவிட்டதே?"

"அவன் ஆண்டவரிடத்தில் இருக்கிறான், தம்பி" என்றேன். அது பொய்யன்று, எனினும் அவன் கேட்ட வினாவுக்கு அது விடையுமன்று. அந்த விடையைத் தேடியே இன்று உங்களிடம் பேசுகிறேன்.

உயிர்த்தெழுதல் என்னும் சொல்லோடு வேறு மூன்று கருத்துகள் கலந்து குழப்பம் விளைவிக்கின்றன. இறந்தவர் மீண்டும் பழைய வாழ்வுக்கே திரும்புதல் ஒன்று. நற்செய்தி நூலில் வரும் லாசரு அவ்வாறு திரும்பினான். பின்னொரு நாள் அவனும் இறந்திருப்பான். ஆன்மா அழியாதது என்பது மற்றொன்று. வினைக்கேற்பப் பிறந்திறந்து சுழல்வதாகிய மறுபிறப்பு மூன்றாவது. கிறிஸ்தவம் சொல்வது இவற்றுள் எதுவும் அன்று. இறந்த அதே ஆள், உடலோடு, இனிச் சாவே இல்லாத புதுவாழ்வுக்குள் இறைவனால் எழுப்பப்படுகிறான் என்பதே அதன் கூற்று.

1896ஆம் ஆண்டில் மதுரையில் பதினாறு வயது மாணவர் ஒருவர், சாவச்சம் தம்மைப் பற்றியபோது, இறப்பது எது என்று தமக்குள்ளேயே ஆராய்ந்து, சில வாரங்களில் இம்மலையடிவாரத்தை வந்தடைந்தார். அவரே ரமண மகரிஷி. பிறவாதது இறவாது என்பது அவர் கண்ட தெளிவு. இறந்தது எழுப்பப்படும் என்பது கிறிஸ்தவர் நம்பிக்கை. இவ்விரண்டும் ஒன்றே என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டுமே சாவை நேர்நின்று நோக்கியவை.

பவுல் அடியார் கி.பி. 55ஐ ஒட்டிக் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய திருமுகத்தில் இரண்டு உவமைகளை ஆள்கிறார். ஒன்று விதை. மல்லாட்டை என்று நம் பக்கத்தார் வழங்கும் வேர்க்கடலையை எண்ணிப் பாருங்கள். புதைத்த பருப்பு வேறு, பசுமையாய்ப் படர்ந்து நிற்கும் செடி வேறு. ஆயினும் அது இதுவே. மற்றொன்று முதற்பலன். கழனியில் அறுத்த முதற்கதிர், பின்னால் அறுவடை வருகிறது என்பதற்கு அடையாளம். கிறிஸ்து அம்முதற்கதிர் என்கிறார் பவுல்.

கல்லறை வெறுமையாயிருந்ததை முதலில் கண்டு சொன்னவர்கள் பெண்கள். பெண்களின் சாட்சியத்தை மிகுதியாக மதியாத காலம் அது. கதை கட்டுவோர் அவர்களைத் தேர்ந்திருக்க மாட்டார்கள் அன்றோ? சீடருள் தோமா என்பவர், காயங்களைத் தொட்டாலன்றி நம்பேன் என்று பிடிவாதமாய் நின்றார். அந்த ஐயப்பாட்டாளரே நம் நாட்டுக்கு வந்து, கி.பி. 72இல் மயிலாப்பூருக்கு அண்மையில் உயிர் துறந்தார் என்பது மரபு. சாந்தோம் பேராலயம் அவரது கல்லறை என்று போற்றப்படும் இடத்தின்மேல் எழுந்தது. கேள்வி கேட்டவர் நமக்கு வாய்த்தது நன்று என்றே ஆசிரியனாகிய எனக்குத் தோன்றுகிறது.

தோமாவுக்குக் காட்டப்பட்ட உடலில் காயத் தழும்புகள் இருந்தன. இதனை நாம் எளிதில் கடந்து போதல் கூடாது. உடல் கழற்றி எறியும் கந்தையாயின், தழும்புக்கு அங்கே இடம் ஏது? நான் சிறுவனாயிருந்த நாளில் கிரிவலப் பாதையோரம் விரல் மடங்கிய தொழுநோயாளர் அமர்ந்திருப்பர். இங்கிருந்து வெகுதொலைவில் இல்லாத வேலூரில் அத்தகைய கைகளைச் சீர்ப்படுத்தியவர் டாக்டர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்த அவர், 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் சதை தானாக அழுகுவதில்லை. உணர்ச்சி அற்றுப்போவதால் சுடுவதும் குத்துவதும் தெரியாமல் கைகால்கள் சிதைகின்றன என்று அவர் விளக்கினார். நல்ல தசையின் நாணை மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரலை நிமிரச் செய்தார். பிச்சையேந்திய கை உளி பிடித்தது. உடலை இறைவன் கைவிடுவதில்லை என்ற நம்பிக்கை அன்றாட வாழ்வில் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். கிறிஸ்தவர்க்கு மட்டுமே இத்தொண்டு உரியது என்பது என் கருத்தன்று. பர்ச்சுரே சாஸ்திரியின் புண்களைச் சேவாகிராமத்தில் தம் கையாலேயே கழுவியவர் காந்தியடிகள்.

பல்லாண்டுகளுக்குப் பின் அம்மாணவனை அதே கல்லறைத் தோட்டத்தில் கண்டேன். தன் குழந்தையைக் கைப்பிடித்து நின்றான். அன்று சொல்லத் தவறிய முதற்கதிர் உவமையைச் சொன்னேன்.

"அப்படியானால் அறுவடை இன்னும் ஆகவில்லை என்கிறீர்களா, ஐயா?" என்றான்.

"ஆம்" என்றேன்.

சற்று நேரம் வாளாவிருந்தான். பிறகு குனிந்து, தமையனின் கல்லறைமீது மண்டியிருந்த புல்லைப் பிடுங்கத் தொடங்கினான்.